கடைசிப் பிரிவைக் கலைத்த பள்ளி: ராக்வில் சென்டரின் கணித வகுப்புகள்

நியூயார்க் நகரின் பென் ஸ்டேஷனில் லாங் ஐலண்ட் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ராக்வில் சென்டர் வந்துவிடும். நாசோ கவுண்டியைச் சேர்ந்த சிற்றூர். காலையில் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் அங்கே அதிகம். பெரும்பாலோர் வெள்ளையர், வசதியுள்ளவர்கள். அதே ஊரில் அரசு உதவியோடு நடக்கும் வாடகைக் குடியிருப்புகளும் இருக்கின்றன. பள்ளியில் படிக்கும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளில் பலர் அங்கிருந்துதான் வந்தார்கள். கல்வி மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 3,500 மாணவர்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானியர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நடுநிலைப் பள்ளி: ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள சவுத் சைடு நடுநிலைப் பள்ளி. அதை முடித்தால் சவுத் சைடு உயர்நிலைப் பள்ளி.

இந்த ஊரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள இதுவே எனக்கு முதல் காரணம். அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளும் பணக்காரப் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே தேர்ச்சியில் வேறுபாடு தெரிந்தால் பள்ளியின் பணவசதி, ஆசிரியரின் தகுதி என்று பல காரணங்களைச் சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல இடமில்லை. கட்டடம் ஒன்று, தலைமையாசிரியர் ஒருவர், நூலகம் ஒன்று. இருந்தும் 1990-களின் தொடக்கத்தில் இனத்தைச் சொன்னால் மாணவர் எந்த மட்டத்தில் கணக்குப் படிக்கிறார் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம் என்ற நிலைதான் அங்கே இருந்தது.

நடுநிலைப் பள்ளியில் கணக்குக்கு மட்டும் மாணவர்களைத் திறன் வாரியாகப் பிரித்திருந்தார்கள். மற்றப் பாடங்களில் பிரிவினை முன்பே தளர்ந்துவிட்டது. கணக்கில் மட்டும் அது அசையவில்லை. மேல் மட்டத்தில் இருந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை எட்டிலேயே படித்தார்கள். அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில் ரீஜென்ட்ஸ் தேர்வு எழுதினார்கள்.

ரீஜென்ட்ஸ் தேர்வைப் பற்றி ஒரு சொல். நியூயார்க் மாநிலம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பாடவாரியாக நடத்திவரும் பொதுத்தேர்வு அது. குறிப்பிட்ட பாடங்களில் அதில் தேறினால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பின் முடிவில் ரீஜென்ட்ஸ் டிப்ளமா கிடைக்கும். தேறாதவர்களுக்கு அன்று அதைவிடத் தாழ்ந்த உள்ளூர் டிப்ளமா. இரண்டும் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றுகள்தான். ஆனால் இரண்டாவதைக் கையில் வைத்திருப்பவர் என்ன படித்தார் என்பதைப் பற்றி அது அதிகம் சொல்லாது. கணக்கில் முதல் ரீஜென்ட்ஸ் தேர்வுக்குரிய பாடத்திற்கு அன்று ‘தொடர் கணிதம் 1’ என்று பெயர். இயற்கணிதம், வடிவியல், தர்க்கம், நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாம் கலந்த பாடம்.

எட்டாம் வகுப்பில் அதை முடித்தவருக்கு, பள்ளியை விட்டுப் போவதற்குள் நுண்கணிதம் வரை போக நான்கு ஆண்டுகள் கிடைக்கும். முடிக்காதவருக்கு ஓர் ஆண்டு குறைவு. ஆகவே, ஒரு பிள்ளை பதினெட்டு வயதில் என்ன கணக்குத் தெரிந்தவராக இருப்பார் என்பது பதினொரு வயதில், ஆறாம் வகுப்பில் எந்தப் பிரிவில் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்திருந்தது. பதினொரு வயதில்!

நம் ஊரில் இதை அறியாதவர் யார்? நான் படித்த பள்ளியிலும் ஏழாம் வகுப்பிலேயே மதிப்பெண் வரிசைப்படி ‘அ’விலிருந்து ‘ஈ’ வரை பிரித்து உட்காரவைத்தார்கள். ‘ஈ’ பிரிவுக்குப் போன என் தோழனுக்குப் பத்தாம் வகுப்பில் செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கப்பட்டன. அவை இரண்டும் கைக்கு வந்துவிட்டால் தேர்ச்சிக்குப் பாதித் தூரம் கடந்தாகிவிடும் என்பது கணக்கு. அவன் தேறினான். ஆனால் இயற்கணிதத்தை யாரும் அவனுக்கு ஒருநாளும் முழுதாகக் காட்டவில்லை. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பெயரைக் கொடுத்தார்கள். மெல்லக் கற்பவருக்கு அதிக நேரம் வேண்டும் என்று அந்தப் பெயரே சொல்கிறது, கொடுத்தது என்னவோ குறைந்த பாடம். ராக்வில் சென்டரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவன் முகம் வந்து நிற்கிறது.

குறிக்கோள் வைத்த பிறகு தெரிந்தது

கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் ஜான்சன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அமெரிக்கக் கல்வி நிர்வாகத்தில் இது மிக அரிது. 1993-இல் அவரும் கல்விக் குழுவும் ஒரு குறிக்கோளை அறிவித்தார்கள்: 2000-ஆம் ஆண்டுக்குள், பள்ளிப் படிப்பை முடிப்பவர்களில் 75 சதவீதம் பேர் ரீஜென்ட்ஸ் டிப்ளமாவோடு வெளியேற வேண்டும். அன்று அந்த மாவட்டத்தில் அப்படி வெளியேறியவர்கள் 58 சதவீதம். மாநில அளவில் 38 சதவீதம்தான்.

மாநிலத்தைவிட இருபது புள்ளி முன்னால் இருந்த மாவட்டம் அது. திருப்தியோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. டிப்ளமா பெறாத 42 சதவீதம் பேர் யார் என்று தேடிப் பார்த்தார்கள். கீழ் மட்டப் பிரிவுகளில் படித்தவர்கள்தான் அவர்கள். கீழ் மட்டப் பிரிவுகளில் கறுப்பின, ஹிஸ்பானிய, ஏழைப் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இருந்தார்கள்.

முதலில் செய்து பார்த்தது, விருப்பத்தின்படி சேரவிடுவது. உயர்நிலைப் பள்ளியில் சில பாடங்களில் எந்த மட்டம் வேண்டும் என்று மாணவரும் பெற்றோருமே தேர்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பலன் இல்லை. முன்பு கீழே வைக்கப்பட்டவர்கள் இப்போது தாங்களாகவே கீழ் மட்டத்தைத் தேர்ந்துகொண்டார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ‘நீ இதற்குத்தான் சரி’ என்று ஐந்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த பிறகு, ‘இப்போது எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்’ என்றால் அந்தப் பிள்ளை எதை எடுக்கும்? தோழர்கள் இருக்கும் வகுப்பை, தோற்றுப்போக மாட்டோம் என்று தோன்றும் வகுப்பை எடுக்கும். கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் உள்ளே வா என்று கைபிடித்து அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தோல்விதான் அவர்களுக்குக் காட்டியது.

1995

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து, எல்லோருக்கும் மேல் மட்டக் கணக்கு என்று ஜான்சன் முடிவுசெய்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்ற நான்கு ஆண்டுப் பாடத்தை எல்லா மாணவரும் மூன்று ஆண்டுகளில் படிக்க வேண்டும். திறன் வாரியான பிரிவுகள் இனி இல்லை. எல்லா வகுப்பும் கலப்பு வகுப்பு.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. வேலை எல்லாம் அடுத்த அடுக்கில்தான் நடந்தது. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் துணைத் தலைமையாசிரியர் டீலியா கேரிட்டி. கணித ஆசிரியர்கள் உட்கார்ந்து பாடத்திட்டத்தை வரிவரியாகப் பார்த்துச் சுருக்கினார்கள். நடுநிலை வகுப்புகளின் கணக்குப் பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் பாதி மறுபடி வரும் என்பது கணக்குச் சொல்லிக்கொடுத்த எவருக்கும் தெரியும். பின்னம் ஆறில் வரும், ஏழில் வரும், எட்டிலும் வந்து நிற்கும். அந்தத் திரும்பல்களைக் களைந்தால் நேரம் கிடைக்கும். வரைபடக் கணிப்பான்களை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். கணித ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட நேர அட்டவணையிலேயே பொதுப் பாடவேளை ஒதுக்கினார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலானது கணிதப் பட்டறை.

பட்டறை என்பது திணறும் மாணவர்களுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்த கூடுதல் வகுப்பு. அதற்கு மேல், வாரத்தில் நான்கு நாள் மாலையில் பள்ளி முடிந்த பிறகும் உதவி கிடைத்தது. ‘இதில் என்ன புதுமை, எங்கள் பள்ளியிலும் மாலைச் சிறப்பு வகுப்பு உண்டே’ என்று கேட்கலாம். புதுமை, பட்டறை எந்த வகுப்புக்கும் மாற்றாக இல்லை என்பதில் இருக்கிறது. பட்டறைக்குப் போகும் பிள்ளை முதன்மை வகுப்பிலும் எல்லோரோடும் உட்கார்ந்திருப்பார். அங்கே நடக்கும் அதே பாடம்தான் இங்கேயும் பேசப்படும். நேற்று புரியாதது மறுபடி சொல்லப்படும். நாளை வரப்போவது முன்கூட்டியே ஒருமுறை தொட்டுக் காட்டப்படும்.

இந்த இரண்டாவதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஓர் உதாரணத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். நாளை வகுப்பில் இப்படி ஒரு கணக்கு வரப்போகிறது: ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 7, அந்த எண் எது? சமன்பாடு அமைப்பது நாளைய பாடம். ஆனால் பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்குச் சமன்பாட்டுக்குப் போவதற்கு முன்பே கால் இடறிவிடும். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுமடங்கு 12 என்பது உடனே நினைவுக்கு வராது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் பலகையில் மூன்று வரி தாண்டிப் போயிருப்பார். வழக்கமான சிறப்பு வகுப்பு இந்தப் பிள்ளையை அழைத்து ஆறாம் வகுப்புப் பின்னத்தை முதலிலிருந்து நடத்தும். அதற்குள் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுக்குப் போயிருக்கும். பட்டறை வேறு மாதிரி செய்கிறது. இன்று மதியமே பொதுமடங்கை மட்டும் எடுத்து, பத்துக் கணக்குப் போட்டுப் பழக்கி, நாளை வரும் கணக்கின் முதல் வரியையும் காட்டிவிடுகிறது. மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ‘பொதுமடங்கு என்ன?’ என்று கேட்கும்போது முதலில் கை தூக்குவது அந்தப் பிள்ளையாக இருக்க முடியும். கணக்கில் பின்தங்கியவர் ஒருவர் வகுப்பில் முதலாவதாகக் கை தூக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ஒருநாளும் கை தூக்காமல் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பின்தங்கியவருக்கு மெதுவான பாடம் கொடுத்தால் அவர் மேலும் பின்தங்குவார், வேகமான பாடமும் துணையும்தான் தேவை என்ற எண்ணம் ராக்வில் சென்டரில் பிறந்தது அல்ல. பொருளாதார அறிஞர் ஹென்றி லெவின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இதையே அடிப்படையாக வைத்து விரைவுப் பள்ளிகள் என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். பிறகு கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரிக்கு வந்த அவரே, சட்ட அறிஞர் ஜே ஹ்யூபர்ட்டுடனும் சவுத் சைடு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் கேரல் பரிஸுடனும் சேர்ந்து இந்தப் பள்ளியின் மாற்றத்தை ஆராய்ந்தார். ஒரே ஆண்டில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களை ஓர் அணி என்று கொண்டு, மாற்றத்திற்கு முன் படித்த மூன்று அணி மாணவர்களையும் பின் படித்த மூன்று அணிகளையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

1995 முதல் 1997 வரை எட்டாம் வகுப்பை முடித்த கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களில், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன்பே முதல் ரீஜென்ட்ஸ் கணக்குத் தேர்வில் தேறியவர்கள் 23 சதவீதம். மாற்றத்திற்குப் பின் அது 75 சதவீதம். வெள்ளையர், ஆசியர் ஆகியோரில் 54 சதவீதம் 98 ஆனது. சிறப்புக் கல்வி பெறாத மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு இது.

மேலோட்டமாகப் பார்த்தால் அதிசயம்தான். நான் இரண்டு முறை நிறுத்திப் படித்தேன்.

முதலாவது: பழைய 23 சதவீதத்தில் தேர்வு எழுதித் தோற்றவர்கள் மட்டும் விடுபடவில்லை. தேர்வு எழுதும் வகுப்பிலேயே சேர்க்கப்படாதவர்களும் விடுபட்டவர்கள்தான். எல்லோரையும் அந்த வகுப்பில் உட்காரவைத்தால் தேறியவர் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஆகவே ‘மூன்று மடங்கு’ என்பதைக் கற்பித்தலின் வெற்றியாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. சரியான கேள்வி வேறு: உள்ளே விட்டவர்களில் எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள்? நூற்றுக்கு எழுபத்தைந்து பேர். இத்தனை காலமும் ‘இவர்களால் முடியாது’ என்று வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் கூட்டத்திலிருந்து வந்த எண் அது. யாரை எந்தப் பிரிவில் உட்காரவைப்பது என்று ஆண்டுதோறும் செய்துவந்த கணிப்பு எவ்வளவு தவறாக இருந்திருக்கிறது என்பதைத்தான் இந்த 75 எனக்குச் சொல்கிறது.

இரண்டாவது, இடைவெளி. முன்பு இரு தரப்புக்கும் இடையே 31 புள்ளி. பிறகு 23. எட்டுப் புள்ளி மட்டுமே குறைந்திருக்கிறது, ஏனென்றால் மற்றத் தரப்பும் சேர்ந்தே மேலே போயிருக்கிறது. இதை வைத்து யாராவது திட்டம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்று வாதாடலாம். அவருக்குப் பதில் நான்கு ஆண்டு கழித்து வருகிறது.

2000-ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்த அணி பழைய முறையில் நடுநிலைப் பள்ளியைக் கடந்தது. அந்த அணியில் ரீஜென்ட்ஸ் டிப்ளமா பெற்ற கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் 32 சதவீதம். வெள்ளையர், ஆசியர் 88 சதவீதம். இடைவெளி 56. 2003-ஆம் ஆண்டின் அணி 1996-இல் ஆறாம் வகுப்புக்கு வந்தது, புதிய முறையின் இரண்டாவது அணி. அதில் 82, 97. இடைவெளி 15. அந்த 82 சதவீதம், நியூயார்க் மாநிலம் முழுவதிலும் உள்ள வெள்ளை மாணவர்களின் விகிதத்தையும் தாண்டியது.

நடுநிலைப் பள்ளியில் எட்டுப் புள்ளி மட்டுமே சுருங்கிய இடைவெளி உயர்நிலைப் பள்ளியில் நாற்பது புள்ளிக்கு மேல் சுருங்கியது. எட்டாம் வகுப்பிலேயே முதல் தேர்வைத் தாண்டியவர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போது கீழ் மட்டத்தில் உட்காரவைக்கக் காரணமில்லாதவராக வந்தார். உயர்நிலைப் பள்ளியும் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து தன் பிரிவுகளை ஒவ்வொரு பாடமாகக் கலைத்தது. ஆகவே 2003-இன் பெருமை முழுவதும் நடுநிலைப் பள்ளிக்கு உரியது அல்ல. மாநிலமே அந்த ஆண்டுகளில் ரீஜென்ட்ஸ் தேர்வுகளை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் மாணவரின் பாதை பிரிந்த இடம் ஆறாம் வகுப்பு; முதலில் திருத்தியதும் அங்கேதான்.

நன்றாகப் படித்தவர்களுக்கு என்ன ஆனது? வசதியான பெற்றோர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான், கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. 2006 ஆய்வின் விடை தெளிவாக இருக்கிறது. தொடக்கத்திலேயே உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களின் தேர்ச்சி, கலப்பு வகுப்பில் படித்ததால் புள்ளியியல் நோக்கில் மாறவில்லை. கல்லூரித் தரத்திலான (AP) நுண்கணிதம் எடுத்தவர்களின் விகிதம் கூடியது. அதில் மதிப்பெண்களும் உயர்ந்தன. பாடத்தைக் கீழே இறக்கி எல்லோரையும் சமமாக்கியிருந்தால் இந்த விடை வந்திருக்காது. மேலே இருந்த பிள்ளையின் பாடத்தில் ஒரு வரிகூடக் குறைக்கப்படவில்லை என்பதுதான் பெற்றோர்களிடம் பள்ளியால் நிமிர்ந்து நின்று சொல்ல முடிந்த பதில்.

ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் அதே மாவட்டத்தின் தலைமையாசிரியர். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய சோதனையும் அல்ல. இவை அந்த ஆய்வின் எடையைக் குறைக்கும் விஷயங்கள், மறைக்கக் கூடாதவை. என்றாலும் ஆறு அணி மாணவர்களின் தேர்ச்சி மாநிலத்தின் பொதுத்தேர்வில் அளக்கப்பட்டது, பள்ளி தானே வைத்த தேர்வில் அல்ல. அதனால் அதை நம்புகிறேன்.

அதே மருந்து, வேறு விளைவு

‘எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் இயற்கணிதம்’ என்பதை அமெரிக்காவில் பலர் செய்து பார்த்தார்கள். பெரும்பாலும் அது பொய்த்தது.

கலிஃபோர்னியா இதில் மிகப் பெரிய களம். 1990-களின் இறுதியில் அங்கே எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படித்தவர்கள் ஆறில் ஒருவர். 2013 வாக்கில் மூன்றில் இருவர். 2008-இல் மாநிலக் கல்வி வாரியம் அதை எல்லோருக்குமான எட்டாம் வகுப்புத் தேர்வாக ஆக்கவும் முனைந்தது, நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பின்னர் வந்த ஆய்வு, பெரிய மாவட்டங்களில் இப்படிச் சேர்க்கையைக் கூட்டியதால் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்ச்சி சரிந்தது என்று கண்டது. வட கரோலினாவின் சார்லட் நகரப் பள்ளிகளில் 2000-களின் தொடக்கத்தில் சராசரி மாணவர்களையும் அதற்குக் கீழே உள்ளவர்களையும் விரைவாக இயற்கணிதத்துக்குள் தள்ளியபோதும் அவர்கள் பின்வந்த பாடங்களில் சறுக்கினார்கள். சிகாகோ 1997-இல் ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் இயற்கணிதம் என்றது. பாடத்தின் பெயர் மாறியது. தேர்வு மதிப்பெண் உயரவில்லை.

சிகாகோ செய்த அடுத்த காரியம்தான் ராக்வில் சென்டரோடு வைத்துப் பார்க்க வேண்டியது. 2003-இல், எட்டாம் வகுப்புத் தேர்வில் நடு மட்டத்திற்குக் கீழே மதிப்பெண் பெற்றவர்களுக்கு அந்த நகரம் நாள்தோறும் இரண்டு பாடவேளை இயற்கணிதம் கொடுத்தது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களையும் சற்று மேலே இருந்தவர்களையும் ஒப்பிட்டவர்கள், இரட்டைப் பாடவேளை பெற்றவர்களிடம் பள்ளிப் படிப்பை முடிப்பதும் கல்லூரியில் சேர்வதும் கூடியிருப்பதைக் கண்டார்கள். பாடம் 1997-லும் 2003-லும் ஒன்றுதான். நேரம் இரட்டிப்பானது.

சான் பிரான்சிஸ்கோ நேர் எதிர்த் திசையில் போனது. 2014-இல் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தையே நீக்கி, எல்லோரும் ஒன்பதில்தான் படிக்க வேண்டும் என்றது. சமத்துவம்தான் நோக்கம், அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே ஏறும் படியை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே தளத்தில் நிறுத்துவதை எந்தப் பெற்றோரால் பொறுக்க முடியும்? வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். வசதியில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. உயர் கணிதப் பாடங்களில் இன வாரியான இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2024 மார்ச்சில் நகர வாக்காளர்கள் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாக்களித்தார்கள். பள்ளிக் குழு அதற்கு முந்தைய மாதமே அந்த முடிவை எடுத்திருந்தது.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் தீர்மானம் இது. பிரிவுகளைக் கலைப்பது தானாக எவரையும் உயர்த்தாது. உயர்ந்த பாடத்தை எல்லோருக்கும் கொடுப்பதும் தானாக உயர்த்தாது. இரண்டும் சேர்ந்து, பின்தங்கிய பிள்ளைக்கு அதே பாடத்தில் கூடுதல் மணி நேரமும் கிடைத்தபோது ராக்வில் சென்டரில் பிள்ளைகள் உயர்ந்தார்கள். அந்த மணி நேரத்துக்குப் பணம் ஆகும். சிறு பட்டறை வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரின் பாடவேளை வேண்டும். பொதுத் திட்டமிடலுக்கு எல்லோருடைய பாடவேளையும் வேண்டும். நாசோ கவுண்டியின் சொத்துவரியில் நடக்கும் மாவட்டத்திற்கு அது இயன்றது. ஏழை நகர மாவட்டத்திற்கு வெளியிலிருந்து பணம் வராமல் இயலாது. இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து பேசும் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் அங்கே இருந்தது. முதல் அணி எட்டாம் வகுப்பை முடிக்க மூன்று ஆண்டு, டிப்ளமா வாங்க ஏழு ஆண்டு. 1993-இல் குறிக்கோள் அறிவித்தவரே 2003-இல் விடை வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார். அமெரிக்காவின் பெரிய நகர மாவட்டங்களில் பல கண்காணிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு மேல் நிற்பதில்லை. அடுத்தவர் வந்ததும் முந்தையவரின் திட்டம் கோப்புக்குள் போய்விடும்.

கலைக்கும் வரிசையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற பள்ளிகள் இதில்தான் தடுமாறுகின்றன. எல்லாப் பிரிவுகளையும் ஒரே நாளில் கலைக்கப் போனால் மேல் பிரிவின் பெற்றோர்கள் எழுந்து நிற்பார்கள், திட்டம் முதல் கூட்டத்திலேயே முடிந்துவிடும். பரிஸும் கேரிட்டியும் பின்னாளில் மற்றப் பள்ளிகளுக்குச் சொன்னது, கீழிருந்து தொடங்குங்கள் என்பது. கடைசிப் பிரிவை முதலில் மூடுவது. அதில் இருந்தவர்களை அதற்கு மேலுள்ள வகுப்புக்குக் கொண்டுபோவது, பட்டறையில் இடம் போட்டுவைத்துவிட்டு. ஓர் ஆண்டு முடிந்ததும் தேர்வு முடிவுகளைப் பெற்றோர் முன் வைப்பது. பிறகு அதற்கு அடுத்த பிரிவு.